ஏழு பூஜ்யப் பஞ்சு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊரான கோரெகோ மான்சோவின் மாதா கோயில் படியில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். இடது கை சட்டைப்பைக்குள் இல்லை, எல்லோரும் பார்க்கும்படி வெளியேதான் இருக்கிறது. சாட்சி வேண்டுமென்றால் ஊர்ப் பெரியம்மா தோனா ஜெனரோசா இருக்கிறார். அவர் இறந்து பதினாறு வருடமாகிறது. ஆனால் உயிரோடு இருந்தவரை பொய் சொன்னதில்லை.

நடந்தது 1973ஆம் வருடம். மழை ஓய்ந்து மலையில் குளிர் இறங்கிய நேரம். சுல்மீரா தன் துணித்தொட்டியைத் தலையில் வைத்து, இஸ்திரி போடும் கரிப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, புருஷன் வீட்டை விட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கை லிந்தவுரா வீட்டுக்குப் போனாள். குடித்துவிட்டு அடித்தானா என்றால் இல்லை. வேறொருத்தி இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. அவன் மேலிருந்து இரும்பு உதிர்ந்தது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் அனக்லேத்தோ இரும்புப் பஞ்சு ஆலையில் கத்திக்குப் பல் வைப்பவன். இரும்புப் பஞ்சு செடியில் காய்ப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆலையைப் பார்க்க வந்த ஒரு பெரிய படிப்புக்காரர் அப்படி நினைத்துக்கொண்டு போகும்போது விதை கேட்டார். வருவது கம்பியாகத்தான் வரும், மாட்டுவண்டிச் சக்கரம் அளவுள்ள சுருள்களாக. அதைக் கப்பிகளில் மாட்டி, ஆலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓட விடுவார்கள். வழி நெடுகக் கம்பியின்மேல் கத்திகள் அழுத்திக்கொண்டிருக்கும். கத்தி நகராது, கம்பிதான் ஓடும். கத்தியின் விளிம்பில் சீப்புக்கு இருப்பது போலப் பற்கள். ஒவ்வொரு பல்லும் ஓடுகிற கம்பியிலிருந்து ஓர் இழையைச் சீவி எடுக்கும். முப்பத்தாறு கத்திகளைத் தாண்டி வெளியே வரும்போது கம்பி தையல் நூலாக இளைத்திருக்கும். அது இழந்த சதையெல்லாம் கீழே நாடா நாடாவாகப் பஞ்சாய் இறங்கியிருக்கும். அந்த நாடாவைச் சுருட்டி, வெட்டி, பெண்கள் மடித்துப் பொட்டலம் கட்டினால் பானை தேய்க்க ஆயிற்று.

பல் எவ்வளவு சன்னமோ பஞ்சும் அவ்வளவு சன்னம். பல் மழுங்கினால் பஞ்சுக்குப் பதில் தூள் கொட்டும். மிஞ்சித் தீட்டினால் கம்பி அறுந்து சாட்டையாகச் சுழலும். மேஸ்திரியின் வலது காது அப்படிப் போனதுதான். பஞ்சின் மென்மையைப் பூஜ்யத்தால் சொல்வார்கள். ஒரு பூஜ்யம் தரை தேய்க்க, நான்கு பூஜ்யம் அலமாரிக்கு மெருகேற்ற. நான்குக்கு மேல் உலகத்தில் யாரும் போனதில்லை.

சீவிய இழைக்கு மூன்று விளிம்பு உண்டு. ஒட்டினால் விடாது. வேலை முடிந்து வருகிறவன் தலைமுடியில், புருவத்தில், சட்டைக் கைமடிப்பில் அது கூடவே வரும். இருபது வருடம் அந்த ஆலையில் இருந்தவர்கள் எப்படிப் படுத்தாலும் விடிவதற்குள் தலை தானாக வடக்கே திரும்பிவிடும். அனக்லேத்தோவுக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்ததால், வடகிழக்கோடு நின்றிருந்தது.

இதையெல்லாம் சுல்மீரா பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவள் செய்தது வெளுப்பு வேலை. டாக்டர் வீட்டு விரிப்பு, விடுதியின் துண்டு, பங்குச் சாமியாரின் அங்கி, எல்லாம் வெள்ளை. சோப்புப் போட்டு, புல்லில் விரித்து வெயிலில் காட்டி, நீலம் முக்கி, மரவள்ளிக் கஞ்சி போட்டு அவள் கொடியில் விரித்தால் காக்கைகூட வழி மாறிப் பறக்கும். அந்த ஈரத்துணியை ஒட்டி அனக்லேத்தோ நடந்து போனால் போதும், மறுநாள் காலையில் துணி முழுக்கப் பழுப்பு மச்சங்கள். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் வைக்கலாம். கறை போகும். சில சமயம் துணியும் சேர்ந்து போகும்.

அந்த வருடம் நற்கருணைத் திருநாளுக்கு அவள் வெளுத்துக் கொடுத்த பீடத்துணியில் நாற்பத்தொரு துருப்புள்ளி. சாமியார் நல்ல மனிதர். புள்ளிக்கு ஒன்றாக மெழுகுத்திரி விளக்கை வைத்து மறைத்தார். விளக்கு ஒன்பதோடு தீர்ந்துபோனது. பிறகு பூஞ்சாடி, புத்தகம், மணி, புனிதர் சிலைகள் என்று அடுக்கியதில், பூசை நேரத்தில் பீடத்தின்மேல் கை வைக்க அவருக்கே இடமில்லை. அடுத்த வாரம் டாக்டர் வீட்டுத் துணி வரவில்லை. விடுதித் துணியும் வரவில்லை.

அன்று மாலை சுல்மீரா சொன்னதை ஊரில் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். அவள் சொன்னது இதுதான்: "உன் மேல எனக்குக் கோவம் இல்ல அனக்லேத்தோ. உன் சட்டை மேலதான் கோவம். ஆனா அந்தச் சட்டைக்குள்ள நீதான இருக்க."

ஆலையை விட்டுவிட்டு மாடு மேய்க்கப் போகிறேன் என்றான் அவன். அவளுக்கு அவனைத் தெரியும். மாட்டைப் பிடித்து உட்கார வைத்து அதற்கும் பல்லைத் தீட்டிவிடுவான். வேண்டாம், கத்தி இல்லாமல் நீ ஒரு வருடம் தாங்கமாட்டாய், துருவோடு நான் ஒரு மாதம் தாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கினாள்.

தங்கை வீட்டில் தொழில் நிமிர்ந்தது. அங்கே இரும்பு இல்லை. தங்கை புருஷன் தெயோபிலோ தபால் பிரிப்பவன். அவன் மேலிருந்து உதிர்ந்தால் தபால்தலை உதிரும், அது கறை படியாது. டாக்டர் வீட்டுத் துணி திரும்பி வந்தது. விடுதித் துணியும் வந்தது. சுல்மீராவுக்கு இரண்டு வேளை பசித்தது, மூன்றாவது வேளை பசிக்கவில்லை. அவ்வளவுதான் குறை என்று தங்கையிடம் சொன்னாள்.

இங்கே அனக்லேத்தோ சும்மா இருக்கவில்லை. ஒட்டாத பஞ்சு ஒன்று செய்துவிட்டால் ஆலை முழுக்க அதையே சீவலாம், எவன் சட்டையிலும் இரும்பு தங்காது என்று அவனுக்கு ஓர் எண்ணம். சாப்பாட்டு இடைவேளைகளில் ஒரே ஒரு கத்திக்கு மூன்று வாரம் பல் வைத்தான். முடிந்தபோது பல் கண்ணுக்குத் தெரியவில்லை. கத்தி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு செய்தித்தாளின்மேல் இழுத்தான். எழுத்து மட்டும் உரிந்து வந்தது, தாள் வெள்ளையாக அப்படியே கிடந்தது. கம்பியை ஓட விட்டபோது, தான் சீவப்படுவதே கம்பிக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய பஞ்சு இறங்காமல் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. துடைப்பக் கழியில் காந்தம் கட்டி அதை இறக்கினார்கள். தராசில் வைத்தால் முள் ஒரு கோடு பின்னால் போனது. மேஸ்திரி யோசித்து, இது ஏழு பூஜ்யம் என்று எழுதி வைத்தார்.

அதில் ஒரு கொத்தைக் காகிதத்தில் பொதிந்து சுல்மீராவுக்குக் கொண்டுவந்தான். கன்னத்தில் வைத்துப் பார், குத்தாது என்று சன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சினான். அவள் கையில் டாக்டரின் வெள்ளைச் சட்டை இருந்தது. கிட்டே வராதே என்று மட்டும் சொன்னாள். அவன் பொட்டலத்தைச் சன்னலில் வைத்துவிட்டுப் போனான்.

பொட்டலத்தை எடுத்தது தெயோபிலோ. அவனிடம் ஒரு டிவி இருந்தது, அந்தத் தெருவுக்கே ஒன்று. டிவியின் தலையில் நிற்கும் ஆண்டெனாவின் இரண்டு நுனியிலும் இரும்புப் பஞ்சு சொருகுவது எங்கள் ஊர் வழக்கம். ஊர் என்ன, நாடே அப்படித்தான். அதனால் படம் தெளிகிறதா என்று கேட்கக் கூடாது. பஞ்சு சொருகியவன் சொருகாதவனைப் பார்த்துப் பரிதாபப்படலாம், அந்தப் பலன் போதாதா. தெயோபிலோ பழைய பஞ்சை எடுத்துவிட்டு ஏழு பூஜ்யத்தைச் சொருகினான்.

ஏழு மணி நாடகத்துக்குத் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. படம் வந்தது. இதுவரை யாரும் அப்படி ஒரு தெளிவைப் பார்த்ததில்லை. ஆனால் மாளிகை இல்லை, சீமாட்டி இல்லை. ஓர் அடுப்பங்கரை இருந்தது. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் கரண்டி இல்லை.

"அக்கா," என்றாள் லிந்தவுரா, "இது உங்க வீடு மாதிரி இல்ல?"

சுல்மீரா பதில் சொல்வதற்குள் அனக்லேத்தோ கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரைக்குள் வந்து, பானையைத் திறந்து பார்த்து, மூடினான். சத்தம் மட்டும் நாடகத்தினுடையதாகவே இருந்தது. அவன் அடிப்பிடித்த பீன்ஸைச் சுரண்டும்போது, உன்னை அடைய ஏழு கடல் தாண்டி வந்தேன் சீமாட்டி என்று ஒரு கம்பீரமான குரல் சொன்னது.

தெயோபிலோ டிவியைத் தட்டினான். பக்கவாட்டில் ஒன்று, மண்டையில் ஒன்று. அனக்லேத்தோ அசையவில்லை. பஞ்சை எடுத்தால் பழையபடி புள்ளி புள்ளியாக இரைச்சல், சொருகினால் அனக்லேத்தோ. எடுத்துத் தூரப் போடு என்றாள் சுல்மீரா. தெயோபிலோ எடுக்கப் போனான். அப்போதுதான் சன்னல் பக்கம் நாற்காலி போட்டிருந்த தோனா ஜெனரோசா வாயைத் திறந்தார். "ஏம்மா, உனக்கு அவரு புருஷன். எங்களுக்கு ஏழு மணி நாடகம். நீ விட்டுட்டு வந்துட்ட, சரி. நாங்க எப்படி விடறது?"

பஞ்சு அங்கேயே இருந்தது.

அனக்லேத்தோவிடம் யாரும் சொல்லக் கூடாது என்று தெரு முடிவு செய்தது. தெரிந்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவான், பிறகு பார்க்கச் சகிக்காது என்றார் தோனா ஜெனரோசா. சுல்மீரா டிவிக்கு முதுகைக் காட்டி நின்று இஸ்திரி போட்டாள். முதல் வாரத்திலேயே தங்கையின் மூன்று மேசைவிரிப்புகளில் கரிப்பெட்டியின் தடம் விழுந்தது. முதுகுக்குக் கண் இல்லை, ஆனால் தெரு வாயை மூடாததால் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை.

படம் எப்போதும் அடுப்பங்கரையின் ஒரே மூலையிலிருந்துதான் வந்தது, ஆனால் திறந்த கதவுகள் வழியே வாசலும் கொடியும் கட்டிலும் தெரிந்தன. அவன் மாலை வேலையிலிருந்து வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றுகிறான், நெல்லிமரத்தில் தொங்கவிடுகிறான் என்று தெரு சொன்னது. குதிரைலாடக் காந்தத்தால் தலையிலிருந்து கால்வரை தன்னைச் சீவிக்கொள்கிறான். சீவியதைத் தகர டப்பாவில் போட்டு மூடுகிறான். பிறகு குளிக்கிறான். குளித்துவிட்டு மறுபடியும் சீவுகிறான். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தை மட்டும் காந்தத்தால் தடவுகிறான்.

"எந்தப் பக்கம்?" என்று சுல்மீரா திரும்பாமல் கேட்டாள்.

"சன்னல் பக்கம்," என்றாள் லிந்தவுரா.

அது சுல்மீரா படுக்கும் பக்கம். அன்றைக்குத் தீய்ந்தது நான்காவது விரிப்பு.

அடுத்த வாரம் அவன் புதிதாக ஒன்று தொடங்கினான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு விரிப்பை நனைத்துக் கொடியில் போட்டான். மாலையில் வந்து, சீவி, குளித்து, அந்த ஈரம் காயாத விரிப்பை ஒட்டி நாலு தடவை மேலும் கீழும் நடந்தான். மறுநாள் மாலை அதை அடுப்பங்கரையில் விரித்துப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுத் துருப்புள்ளிகளை எண்ணினான். அவன் என்ன செய்கிறான் என்று தெருவுக்குப் புரிய ஒரு நாள் ஆனது. சுல்மீராவுக்கு அந்த நொடியே புரிந்தது. புள்ளி இல்லாமல் ஒரு விரிப்பு வந்துவிட்டால் அவன் வந்து கூப்பிடுவான். வராவிட்டால் வரமாட்டான்.

முதல் எண்ணிக்கை இருபத்துமூன்று. மறுநாள் பதினேழு. தெரு கூடவே எண்ணியது. ஆலையில் இருந்தவர்களுக்கும் விஷயம் தெரியும் என்பதால், ஒருவன் காரணம் சொல்லாமல் அவன் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டான். இன்னொருவன் கழுத்துவரை பொத்தான் வைத்த சட்டையைக் கொடுத்தான். பீன்ஸைக் குறைந்த தணலில் வை என்று முன்பின் தெரியாத பெண்கள் சந்தையில் அவனிடம் சொன்னார்கள். ஊர் திடீரென்று ஏன் இவ்வளவு நல்லதாகிவிட்டது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒன்பது. பிறகு நான்கு.

வெள்ளிக்கிழமை மாலை அவன் விரிப்பைப் பிடித்து நின்றான். சாப்பிட்ட கையோடு எழுந்து வந்திருந்தான். மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான்.  ஓரத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஒண்ணு," என்றார் தோனா ஜெனரோசா.

அனக்லேத்தோ அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு விரிப்பை நாற்காலியில் போட்டுவிட்டு, அலமாரி மேலிருந்த தன் அரங்களையும் சாணைக்கற்களையும் இறக்கி ஒவ்வொன்றாக எண்ணெய்த்துணியில் வைத்துச் சுருட்டினான். இனிமேல் ஒன்றுக்குக் கீழே போகாது, பத்தொன்பது வருடம் தோலுக்குள்ளேயே போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது. எங்கள் ஆலையில் இதற்கு ஒரு முறை உண்டு. பல் வைப்பவன் தன் சாமான்களைச் சுருட்டி மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் விலகியதாக அர்த்தம். அதை அன்றைக்கே அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பக் கேட்கிற வழக்கம் இல்லை, கேட்டவனும் இல்லை.

அவன் மூன்று முடிச்சுப் போட வேண்டும். முதல் முடிச்சைப் போட்டான்.

சுல்மீரா கரிப்பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தள்ளுங்க," என்றாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, நாற்காலியில் கிடந்த விரிப்பின் ஓரத்தைப் பார்த்தாள். துருக்கறை நடுவில் அடர்ந்து ஓரத்தில் கரைந்து போகும். இது நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்திருந்தது. நிறமே இல்லாத டிவி என்பதால்தான் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"துருவே இல்ல இது. பீன்ஸ் குழம்பு."

நன்றாகப் பார்த்துச் சொல் என்றார் தோனா ஜெனரோசா.

"இருபத்திரண்டு வருஷமா கறை முகத்துலதான் முழிக்கிறேன் தோனா ஜெனரோசா. அந்த ஆளு தாடையில ஒட்டிட்டு இருக்கறதும் அதான், பாருங்க."

பார்த்தார்கள். இருந்தது. அனக்லேத்தோ இரண்டாவது முடிச்சைப் போட்டான்.

சுல்மீரா ஓடினாள். தெயோபிலோ சைக்கிளை எடுக்கிறேன் என்றது அவள் காதில் விழவில்லை. ஒரு செருப்பு பாலத்தில் நின்றுவிட்டது. கூட ஓடுவதா, இருந்து பார்ப்பதா என்று தெரு ஒரு கணம் தத்தளித்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓடினால் முடிவைத் தவறவிட்டுவிடுவோம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் மூட்டையை அக்குளில் இடுக்கித் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.  சுவரோரமாக ஒதுங்கி நின்றான், தன் மேலிருந்து ஏதாவது விழுந்துவிடுமோ என்று.

அவள் விரிப்பை எடுத்து அந்தப் புள்ளியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது என்ன?"

"துரு."

"நக்கிப் பாரு."

அவன் தயங்கினான். பிறகு நாக்கு நுனியால் தொட்டான். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினான்.

"உப்பு தூக்கல்," என்றான்.

"துருவுல ஏதுய்யா பூண்டு வாசனை."

அவன் மூட்டையை மேசைமேல் வைத்தான். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்க நேரமானது. அவள் உதவி செய்யவில்லை, முடிச்சை அவனேதான் போட்டான், அவனே அவிழ்க்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை தொட்டியைக் கொண்டுவருவேன், உன் சட்டை நெல்லிமரத்தைத் தாண்டக் கூடாது என்றாள். தாண்டாது என்றான். குளித்த பிறகும் ஒரு தடவை சீவ வேண்டும் என்றாள். இரண்டு தடவை என்றான். அவனை இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கிட்டே பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலையில் காது பெரிதாக இருந்தது. தாடையில் இருந்த குழம்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். விரலில் இரும்பு குத்தவில்லை.

இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு புள்ளி உனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

 மூன்று வாரமாகத் தெரு சொல்லச் சொல்ல சுல்மீரா மனதிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்தை, மசாலா அலமாரிக்கு மேலே இருந்த மூலையை, நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குழம்பு பட்ட ஓரத்தை மடித்துவிட்டு, விரிப்பை அந்த மூலைக்குக் குறுக்கே இரண்டு ஆணியில் மாட்டி, நான்கு பக்கமும் இழுத்துவிட்டாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் திரை வெள்ளையாகிவிட்டது. டிவியின் படக்குழாய் போய்விட்டது என்றான் தெயோபிலோ. யாரும் எழுந்திருக்கவில்லை. அரைமணி நேரம், நாடகம் முடிகிறவரை, அந்த வெள்ளையை மேலிருந்து கீழாகத் தெருவே தேடியது. ஒரு புள்ளி இல்லை. இந்த டிவி வாங்கியதிலிருந்து இதுதான் சுத்தமான படம் என்று சொல்லிவிட்டுத் தோனா ஜெனரோசா நாற்காலியை மடக்கினார்.

எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது 1981ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம்.